பேச்சும் மூச்சும்

 

மயங்கி விழுந்தவரைக் குறித்துச் சொல்லும்போது, 'பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்' என்பது தமிழ் வழக்கு. ஓசை ஒத்திருப்பதால் இணைந்துவிட்ட சொற்கள் என்று இதனைக் கடந்துவிடலாம். ஆயினும், மயக்கவியல் மருத்துவர் ஒருவரிடம் இச்சொல்லைக் காட்டினால், வரிசை மிகச் சரியாக அமைந்திருக்கிறது என்பார். மருந்தின் மயக்கம் ஏற ஏற, முதலில் அடங்குவது பேச்சு. அதன் பின்னர்தான் மூச்சு அடங்கும். பேச்சு நின்ற பிறகு மூச்சு நின்றுவிடாமல் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே இன்றைய உரையின் பொருள்.

வெண்ணந்தூரிலிருந்து இராசிபுரத்திற்கும் நாமக்கல்லுக்கும் சேலத்திற்கும் மருத்துவத்தின் பொருட்டுச் செல்லாத குடும்பம் அரிது. வயிற்றுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி, அசையாமல் படுக்க இயலாத குழந்தைக்கு எம்.ஆர்.ஐ., விலகிய தோள்மூட்டைச் சேர்த்தல், சிறுவர்களின் பல் மருத்துவம் ஆகியவற்றின்போது, "லேசா மயக்கம் குடுப்பாங்க, பயப்படாதீங்க" என்று செவிலியர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மருத்துவர்கள் 'செடேஷன்' என்று வழங்கும் இதனை அரைமயக்கம் எனலாம். அச்சத்தையும் வலியையும் தணித்து, நோயாளிக்கும் மருத்துவர்க்கும் வேலையை எளிதாக்கும் பெருநன்மை அது. அதனை வேண்டாம் என்று சொல்ல இவ்வுரை எழவில்லை.

பெரிய அறுவை சிகிச்சைக்குத் தரும் முழுமயக்கத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். முழுமயக்கத்தில் பெரும்பாலும் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் பொருத்தப்பெறும். இயந்திரமோ மயக்க மருத்துவரின் கையோ மூச்சை நடத்தும். அரைமயக்கத்தில் அத்தகைய குழாய் இல்லை. நோயாளி தாமே மூச்சுவிட்டாக வேண்டும். ஆகவே, முழுமயக்கத்தைக் கண்டு நடுங்கும் உறவினர் அரைமயக்கம் என்றவுடன் நிம்மதி கொள்வது பாதி நியாயமே. மருந்து குறைவு, காவலும் அதனினும் குறைந்துவிடக் கூடும்.

மயக்கத்தில் நான்கு படிகள் உண்டு என்பர். முதற்படியில் அச்சம் மட்டும் தணியும். இரண்டாம் படியில் கண்கள் செருகும். ஆனால், பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி வரும். மூன்றாம் படியில் அழைத்தால் போதாது. வலிக்கத் தட்டினால்தான் அசைவார். நான்காம் படி முழுமயக்கம். இப்படிகளுக்கு இடையே சுவரும் இல்லை, வரப்பும் இல்லை. ஒருவரை இரண்டாம் படியில் நிறுத்திய அதே அளவு மருந்து, மெலிந்த முதியவர் ஒருவரை நான்காம் படிக்கே கொண்டுபோகலாம். இரண்டாம் படியை நோக்கி மருந்து கொடுப்பவர், மூன்றாம் படிக்கு வழுக்கியவரை மீட்கும் திறனும் கருவியும் உடையவராக இருத்தல் வேண்டும் என்ற விதி இதனால்தான் எழுந்தது.

மருந்துகளுள் மிடசோலம், ஃபென்டனில், புரோபோஃபால், கீட்டமின் ஆகியவை பெரிதும் பயன்படுகின்றன. மிடசோலத்திற்கு ஃப்ளுமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. ஃபென்டனிலுக்கு நலாக்சோன் உண்டு. பால்போல் வெண்ணிறமான புரோபோஃபாலுக்கு அத்தகைய மாற்று மருந்து கிடையாது. அது தானே கலையும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதொன்றே வழி.

மூச்சு இரண்டு வகையாகக் குறைகிறது. மூளையின் அடிப்பகுதியில் மூச்சை ஏவும் மையம் தளர்ந்து, ஏவல் குறைவது ஒன்று. ஏவல் இருந்தும், தளர்ந்த நாக்கும் தொண்டைச் சதையும் பின்னோக்கிச் சரிந்து வழியை அடைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது, காண்போரை ஏமாற்றும். நெஞ்சு அசையும், வயிறும் அசையும், ஆனால், ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். மூக்கருகில் கைவைத்தால் காற்று இராது. தொடக்கத்தில் குறட்டை கேட்கும். 'நன்றாகத் தூங்குகிறார்' என்று உறவினர் மகிழ்வதுண்டு. அக்குறட்டை, வழி பாதி அடைபட்டதன் ஒலி. குறட்டை திடீரென நின்று அமைதி பிறந்தால், வழி திறந்துகொண்டது என்றும் பொருள்படலாம், முழுதும் அடைபட்டது என்றும் பொருள்படலாம். எது என்று பார்த்தறிய அங்கே ஒருவர் இருக்க வேண்டும். பல வேளைகளில் தீர்வு மிக எளியது: முகவாயை உயர்த்தி, தாடையை முன்னோக்கித் தள்ளினால் வழி திறந்துவிடும். அதைச் செய்ய இரண்டு விரல்கள் போதும்.

இனி, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை செய்யலாம் என்பதை அவையறியக் காட்டினார். மறுஆண்டே அவ்வித்தை கல்கத்தாவிற்கு வந்துவிட்டது. அதே 1847இன் இறுதியில் எடின்பரோவில் சிம்சன் குளோரோஃபாரத்தைக் கண்டார். ஈதரைவிட இனிய மணம், விரைந்த பயன். உலகமே கொண்டாடியது. மூன்று மாதம் ஆவதற்குள், 1848 சனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் அருகே கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபாரம் கொடுக்கப்பெற்ற ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண் சில நிமிடங்களில் உயிர் துறந்தாள்.

அவளுக்கு முதலில் நின்றது இதயமா, மூச்சா? இவ்வினாவின் மேல் மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக் காலம் வழக்காடியது. இலண்டன் மருத்துவர்கள், நாடியில் விரல் வைத்திருங்கள் என்றனர். எடின்பரோவின் ஜேம்ஸ் சைம் வழிவந்தோர், நாடி கிடக்கட்டும், மூச்சைப் பாருங்கள் என்றனர். இந்த வழக்கின் மிகப் பெரிய விசாரணை நடந்த இடம் இலண்டனும் அன்று, எடின்பரோவும் அன்று; ஐதராபாத்.

சைமின் மாணவரான எட்வர்டு லாரி, ஐதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராகவும் அங்குள்ள மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் பணியாற்றினார். தம் ஆசிரியரின் கொள்கையை நிறுவ, 1888இல் ஒரு குளோரோஃபாரம் ஆணையத்தை அமைத்தார். அதன் முடிவை இலண்டன் இதழான லான்செட் ஏற்க மறுத்தது. அப்போது ஆறாம் நிசாம் மகபூப் அலி கான் 1,000 பவுன் கொடுத்து, உங்கள் ஆளையே அனுப்பிப் பாருங்கள் என்றார். லாடர் பிரண்டன் என்னும் புகழ்பெற்ற மருந்தியல் அறிஞர் கப்பலேறி வந்தார். 1889இல் இரண்டாம் ஆணையம் கூடியது. மூச்சு அடங்கிய பிறகே இதயம் நிற்கிறது என்று அது அறிவித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலாது. நாயும் குரங்கும் ஆடும் பூனையும் முயலுமாக, நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் அந்த ஒரே ஆணையத்தின் சோதனைக்கு ஆளாயின. அவற்றின் மூச்சு நிற்கும் கணத்தை அளந்தே அப்பாடம் எழுதப்பட்டது. கொல்லாமையை வாழ்வாகக் கொண்டோர் கூடிய இவ்வவையில், அவ்வுயிர்களின் கணக்கை அறிவியல் வெற்றி என்று மட்டும் பேசிச் செல்வது முறையாகாது. கற்ற பாடத்தைப் பின்னர் வந்தோர் மறந்தமையோ அதனினும் கொடிது.

ஆணையத்தின் முடிவு முழுதும் சரியானதன்று என்பதும் பின்னர் விளங்கியது. மேலோட்டமான குளோரோஃபார மயக்கத்தில் இதயமே திடீரெனத் தாறுமாறாகத் துடித்து நிற்கக்கூடும் என்று 1911இல் லெவி என்பவர் மெய்ப்பித்தார். இதயத்தைப் பற்றி லாரி கொண்ட பிடிவாதம் பிழை. ஆனால், அவர் தம் மாணவர்க்கு வகுத்த ஒழுங்கு இன்றும் வாடவில்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கழுத்தில் இறுக்கமான ஆடை கூடாது. இயலுமாயின் மார்பும் வயிறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குளோரோஃபாரம் கொடுப்பவர் மூச்சையன்றி வேறெதிலும் கருத்தைச் செலுத்தலாகாது. இவ்வொழுங்கில் பயின்றவர்களுள் ஒருவர் ரூபாபாய் ஃபர்துன்ஜி என்னும் பார்சிப் பெண்மணி. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று அவரைக் குறிப்பிடுவர். பெண்கள் படிதாண்டுவதே அரிதாயிருந்த நாளில், ஐதராபாத் மருத்துவமனையில் அவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மூச்சைப் பார்த்திருந்தார்.

கண்ணால் பார்த்த காலம் போய்க் கருவி வந்தது. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி, விரல் வழியாக ஒளியைச் செலுத்திக் குருதியில் உள்ள பிராணவாயுவை அளக்கும் முறையைக் கண்டறிந்தார். பிராணவாயு ஏறிய குருதி செக்கச் சிவந்திருக்கும், குறைந்தது கருஞ்சிவப்பாகும். செவ்வொளியும் அகச்சிவப்பொளியும் எவ்வளவு உட்கவரப்படுகின்றன என்று ஒப்பிட்டு, அக்கருவி விழுக்காடு சொல்லும். பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் அதனை 2020ஆம் ஆண்டுக்கு முன் மருத்துவமனைக்கு வெளியே கண்டவர் சிலரே. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. 95 என்றால் நிம்மதி, 90 என்றால் கலக்கம் என்று பாமரரும் எண் படிக்கக் கற்றனர். அயோயாகி மறைந்ததும் அந்த 2020ஆம் ஆண்டிலேதான்.

அந்த எண் காத்த உயிர்களுக்கு அளவில்லை. இருந்தும், அரைமயக்கத்தில் அதனை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. காரணத்தை ஒரு மேல்நிலைத் தொட்டியைக் கொண்டு விளக்கலாம். கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. ஆனால், தொட்டி நிறைந்திருப்பதால் அடுக்களைக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. குழாயடியில் நிற்பவருக்கு மோட்டார் நின்ற செய்தி தெரியாது. தொட்டி வறண்டு, குழாய் சொட்டும்போதுதான் தெரியும். ஆக்சிமீட்டர் குழாயைப் பார்க்கும் கருவி. மூச்சு என்பது மோட்டார். நுரையீரலிலும் குருதியிலும் உள்ள இருப்பு தீரும்வரை எண் 98 என்றே நிற்கும்.

அரைமயக்கத்தில் மூக்கில் குழாய் வைத்துப் பிராணவாயு கொடுப்பது வழக்கம். நல்ல வழக்கமும் கூட. ஆனால், அது தொட்டியைப் பெரிதாக்கிவிடுகிறது. சாதாரணக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றால் ஓரிரு நிமிடங்களில் எண் சரியத் தொடங்கும். தூய பிராணவாயுவை நன்கு இழுத்திருந்த நலமான உடலுக்கு எட்டு நிமிடம்வரை கூட எண் தாங்கும். அந்நேரம் முழுதும் திரையில் பச்சை எழுத்து அமைதியாக ஒளிரும். 90க்குக் கீழே இறங்கத் தொடங்கினால், அதன் பின் வீழ்ச்சி மெல்ல நடவாது. மலைச்சரிவில் உருண்ட கல்லாகும். மூளையோ பிராணவாயு இன்றி நான்கைந்து நிமிடத்திற்கு மேல் பழுதின்றி இராது. நகப்பூச்சு, கருநிற மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை அளவைக் குழப்பும் என்பதையும், கருமை மிகுந்த தோலில் இக்கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியதையும் இங்கே சேர்த்துக்கொள்க.

மோட்டாரையே பார்க்கும் கருவியும் உண்டு. அதன் பெயர் கேப்னோகிராஃப். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருக்கும். உள்ளிழுக்கும் காற்றில் அது இல்லை என்றே சொல்லலாம். மூக்கருகே வைத்த சிறு குழாய் அந்த வாயுவை அளந்து, திரையில் கோடாக வரையும். ஒவ்வொரு மூச்சிற்கும் ஒரு மேடு. மேட்டின் உயரம் இயல்பில் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவு. வளர்ந்தவர்க்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 மேடுகள். மூச்சு நின்ற மறுகணமே கோடு தரையில் படுத்துவிடும். ஆக்சிமீட்டர் விழித்துக்கொள்வதற்குச் சில நிமிடம் முன்னரே இது கூவிவிடும். மிதமான, ஆழ்ந்த அரைமயக்கத்திற்கும் இக்கருவி வேண்டும் என்பதை அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2011 சூலை முதல் தன் தரவிதியில் சேர்த்தது. ஆக்சிமீட்டரைவிட விலை மிகுந்தது ஆதலின், சிறிய மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இதனை எதிர்பார்க்க இயலாது. ஆனால், பல மாடிக் கட்டடமும் குளிரூட்டிய வரவேற்பறையும் கட்ட இயன்ற இடத்தில் இது இல்லை என்றால், அதற்குப் பணமின்மையைக் காரணம் சொல்வது பொருந்தாது.

கருவி இல்லாத இடத்தில் என் செய்வது? அங்கேதான் பேச்சு வருகிறது. மார்பில் ஒரு கை, அல்லது ஸ்டெதாஸ்கோப். மூக்கின் முன் ஒரு புறங்கை. இவற்றோடு இடைவிடாத உரையாடல். "ஆயா, கேக்குதா? மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று செவிலியர் ஒருவர் தலைமாட்டில் நின்று நிமிடத்திற்கு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால், அது அன்புரை மட்டும் ஆகாது, அளவீடும் ஆகும். "ம்… கேக்குது கண்ணு" என்று மறுமொழி வரும்வரை வழி திறந்திருக்கிறது, காற்று நடக்கிறது, மூளை விழித்திருக்கிறது என்று மூன்று செய்திகள் ஒருங்கே கிடைக்கின்றன. மறுமொழி குழறினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது நான்காவது செய்தி. வாயில் குழாய் இருக்கும்போது பேச இயலாதே எனலாம். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வதும் கண்ணைத் திறக்கச் சொல்வதும் பேச்சின் இடத்தில் நிற்கும்.

ஆனால், அவ்வாறு நிற்பவருக்கு வேறு வேலை இருத்தல் கூடாது. தறியோசையில் வளர்ந்த இவ்வூருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. விசைத்தறியில் ஊடைநூல் அறுந்தால் தறி தானே நிற்கும்படி அமைப்பு உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தாலோ பெரும்பாலான தறிகள் நில்லாமல் ஓடும், கண்தான் பார்க்க வேண்டும். பல தறிகளை ஒருவரே பார்ப்பதும் உண்டு; அப்போது தவறிய இழை துணியில் பழுதாக நிற்கும், அவ்வளவே. உயிர்மூச்சுக்கு அந்தச் சலுகை இல்லை. குழாயைச் செலுத்தும் மருத்துவரின் கண் குடலைக் காட்டும் திரையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவருக்குக் கருவியை எடுத்துக் கொடுப்பவரின் கண் அவர் கைமேல் இருக்கும். மூன்றாமவர் ஒருவர், மயக்கமருந்தும் மூச்சும் அன்றி வேறு பொறுப்பில்லாதவர், அங்கே வேண்டும். 1889இல் லாரி வற்புறுத்தியதும் இதுவே.

அந்த மூன்றாமவர் இல்லாததன் விளைவை உலகம் 2009 சூன் 25ஆம் நாள் கண்டது. பாடகர் மைக்கேல் ஜாக்சன், உறக்கம் வேண்டித் தம் இல்லத்திலேயே புரோபோஃபால் பெற்று வந்தார். செல்வத்திற்குக் குறைவில்லை, உடனிருக்கத் தனி மருத்துவரும் உண்டு. ஆனால், விரலில் இருந்த ஆக்சிமீட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பாத வகை, கேப்னோகிராஃப் இல்லை, மருத்துவரும் அறையை விட்டு வெளியே சென்றிருந்தார். அவர் திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. கவனமின்மையால் உயிர்போகக் காரணமானவர் என்று 2011இல் அம்மருத்துவர்க்குத் தண்டனை விதிக்கப்பெற்றது.

நோயாளியின் குடும்பத்தார் இதில் செய்யத்தக்கது என்ன? மருத்துவரைச் சந்தேகிப்பது அன்று. மறைக்காமல் சொல்வதும், தயங்காமல் கேட்பதும். இரவில் உரக்கக் குறட்டை விடுபவரா, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவரா என்பதை அவர் அறியார், மனைவியே அறிவார். ஆகவே, அவரே சொல்ல வேண்டும். தூக்க மாத்திரைப் பழக்கம், மதுப்பழக்கம், ஆடும் பல், கழற்றும் பல்வரிசை, முன்பு மயக்கம் கொடுத்தபோது நேர்ந்த தொல்லை ஆகிய அனைத்தையும் சொல்ல வேண்டும். மகன் எதிரே மதுவை மறைக்கும் தந்தையர் உண்டு. தனியே மருத்துவரிடம் சொல்ல அவர்க்கு வாய்ப்பளித்தல் நலம். "ஐயா, மயக்கத்துல இருக்கும்போது மூச்சை யார் பார்த்துக்குவாங்க?" என்று பணிவாகக் கேட்பதில் குற்றமில்லை. நல்ல மருத்துவர் அதற்கு ஓர் ஆளைச் சுட்டிக் காட்டுவார்.

வெறும் வயிறு பற்றியும் ஒரு சொல். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம் ஆதலின், எளிய உணவிற்குப் பின் ஆறு மணி நேரமும், நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவிற்குப் பின் எட்டு மணி நேரமும், தெளிந்த நீருக்குப் பின் இரண்டு மணி நேரமும் கடக்க வேண்டும் என்பது பொது விதி. பால் கலந்த காப்பி தெளிந்த நீர் ஆகாது. மறுபுறம், கதிரவன் மறைவதற்குள் உண்டு முடிப்போர் மறுநாள் நண்பகலில் எண்டோஸ்கோப்பிக்குச் சென்றால், பதினெட்டு மணி நேரம் உண்ணாதவர் ஆகின்றனர். நீரும் அருந்தாதிருந்தால் உடல் வறண்டு, மயக்க மருந்தில் குருதியழுத்தம் கூடுதலாகச் சரியும். இவ்வழக்கத்தையும் நோன்பையும் முன்னரே கூறி, காலை முதல் நேரத்தைக் கேட்டுப் பெறலாம். எதுவரை நீர் அருந்தலாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

சோதனை முடிந்தவுடன் ஆபத்தும் முடிந்தது என்ற எண்ணமே பெரும்பிழை. குழாய் உள்ளே இருக்கும்வரை அதன் உறுத்தல் நோயாளியைச் சிறிது எழுப்பிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டால் உறுத்தல் போய்விடும். மருந்தோ குருதியில் இருக்கும். மூச்சு மிகத் தளரும் வேளைகளுள் இது ஒன்று. அந்நேரத்தில்தான் படுக்கையைத் தள்ளிக்கொண்டு நடைகூடத்தில் விடுவதும், உறவினரை உள்ளே அழைப்பதும் நிகழ்கின்றன. மாற்று மருந்து கொடுத்து எழுப்பியவரிடமும் விழிப்பு வேண்டும். ஃப்ளுமசெனிலின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மிடசோலம் அதற்குப் பின்னும் நீடிக்கும். எழுந்து பேசியவர் மீண்டும் ஆழ்ந்துவிடுவது இதனால்தான்.

இராசிபுரத்தில் சோதனை முடித்து வெண்ணந்தூருக்கு இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அழைத்து வருவது இக்காரணத்தால் தகாது. தாமே ஓட்டுவது அறவே தகாது, இருபத்துநான்கு மணி நேரத்திற்கு. குழந்தையாயின் மடியில் கிடத்தி வரும்போது தலை முன்னோக்கிக் கவிழ்ந்து, முகவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சு வழி மடங்கிவிடும். ஓட்டுநர் அன்றி மற்றொருவர் உடன் வந்து, குழந்தையின் முகத்தையே பார்த்து வர வேண்டும். வீடு சேர்ந்ததும் 'தூங்கட்டும், எழுப்பாதீர்கள்' என்று கதவைச் சாத்திவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதல் சில மணி நேரம் அவ்வப்போது பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். கண் திறந்து, தெளிவாக ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தால் உறங்கட்டும். அழைத்தும் தட்டியும் மறுமொழி இல்லையானால், விடியும்வரை காத்திராமல் முகவாயை உயர்த்திப் பிடித்தபடியே 108க்கு அழைத்துவிடுங்கள்.